ஞானமணி திருப்பதியில் வாங்கிய பிரிண்டர்

சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகிற ஞானமணிதான் சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவள். கிறிஸ்துமஸ் பவனிக்கு முப்பது பேருக்குத் தமிழ்ப் பாட்டுத்தாள் வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரனோ வருஷா வருஷம், "தெலுங்குல பாடக் கூடாதா?" என்று கேட்டு, அவள் வேலையைக் கடைசியில் தள்ளுவான். இந்த வருஷம் சொந்தமாகவே ஒரு மிஷின் வாங்கத் திருப்பதிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

விற்பனையாளர் இருப்பதிலேயே மலிவானதைக் காட்டினார். "பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன் மூணும் வரும். வீட்டுக்கு இது சாலக்கா, போதும்."

"மை தீந்தா?"

"புது கார்ட்ரிட்ஜ் போடணும்."

"அதுக்கே பாதி மிஷின் வெல பூடும். யார்கிட்ட கத வுட்ற? மை ஊத்திக்கிற டேங்க் மிஷின எடு."

எடுத்ததும் தடித்த பாட்டுப் புத்தகத்தை நீட்டினாள். "இதுல ஒரு பக்கம் எடுத்துக் காட்டு."

"டெமோ லேதக்கா."

ஞானமணி புத்தகத்தைப் பிரித்து, கடை அதிரப் பாடத் தொடங்கினாள். வந்தவர்களெல்லாம் சுற்றி நின்றுவிட்டார்கள். இரண்டாம் சரணத்தில் விற்பனையாளர் ஓடிவந்து பிளக்கைச் செருகி, அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மிஷினில் கவிழ்த்தார். தாள் பளிச்சென்று வந்து விழுந்தது.

"ஆச்சுக்கா, நிறுத்துங்க!"

தாளை வாங்கி, அதைப் பார்த்தே மீதிச் சரணங்களையும் பாடி முடித்த பிறகுதான், "இத்தயே கட்டு" என்றாள்.