ஜீப்புக்கு முன்பட்டை மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

அன்று என் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான். என் மனைவியின் தம்பி, வெல்டிங் வேலை பார்ப்பவன். ஜீப்பின் சொந்தக்காரரான பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சி. அந்த ஜீப்பை இருபது வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன். வேறு யாரும் இல்லை. டீ கொண்டுவந்தவர் டம்ளரை வைத்துவிட்டு அப்போதே போய்விட்டார். அவரைச் சேர்க்க முடியாது. யார் தடுத்திருக்கலாம் என்று பிற்பாடு யோசித்தபோதெல்லாம் இந்த நான்கு பேருக்குள்ளேயேதான் சுற்றி வந்தேன்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கூடவே பயந்தவன். ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்த பிறகு, முறுக்கினோமா இல்லையா என்று எழுந்து பட்டறைக்குத் திரும்பி வந்து தொட்டுப் பார்க்கிற ஆள். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ஜீப்பின் வேலை, தினமும் காலையில் எங்கள் ஊரிலிருந்து எட்டுப் பெண்களைக் கம்பெனிக்குக் கூட்டிப்போவது. கரிசல் பாதையில் வேன் வராது. எட்டுப் பேரில் என் மனைவி ஒருத்தி. பின்னால் உட்கார்ந்தால் அவளுக்கு வாந்தி வரும் என்பதால் டிரைவர் பக்கத்தில் முன் சீட்டு அவளுக்கு.

பாதையின் பள்ளங்களில் விழுந்து விழுந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முன்பட்டை, அதாவது முன்சக்கரத்து அதிர்வைத் தாங்குகிற வில், உடைந்தது. அண்ணாச்சிக்கு அலுத்துவிட்டது. மலை, காடு என்று ஜீப் ஓட்டுகிறவர்கள் மாட்டுகிற சாமான்களைப் போனில் பார்த்து வரவழைத்துவிட்டார். நன்றாக வளைந்த புதுப் பட்டைகள், நீளமான ஷாக் அப்சார்பர்கள், யு போல்ட்டுகள், காகிதத்தில் சுற்றிய கறுப்பு ஸ்டியரிங் ஆர்ம் ஒன்று. எல்லாம் புது மாடல் ஜீப்புக்கு அளவெடுத்துச் செய்தவை. நம் வண்டிக்கு ஒவ்வொன்றையும் ஒப்பேற்றித்தான் மாட்ட வேண்டும்.

"கூலி ஆறாயிரம். ஒம் பொண்டாட்டி வாங்கின முன்பணத்துல கழிச்சுக்கிடுதேன். சரிதானா?" என்றார் அண்ணாச்சி. சரி என்றேன். பட்டாசு வேலையில் சீசனுக்கு முன்னால் முன்பணம் வாங்கி, வேலை செய்து கழிப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அவள் முப்பதாயிரம் வாங்கியிருந்தாள். ஏழாயிரம் கழிந்திருந்தது.

காலையில் வேலை சுத்தமாகப் போனது. பழைய பட்டைகள் இறங்கின. புதியவை இரண்டு பக்கமும் ஏறின. ஜீப்பின் மூக்கு மூன்று அங்குலம் தூக்கிக்கொண்டது. அண்ணாச்சி தள்ளி நின்று பார்த்து, "மாப்பிள்ளை மாதிரி நிக்குதுலே" என்றார்.

ஷாக்கின் மேல் முனைக்குப் பழைய பிடி பொருந்தவில்லை. அதை அறுத்துவிட்டுப் புதுப் பிடியை வெல்டு வைக்க வேண்டும். மச்சினன் கிரைண்டரை எடுத்தான். நான் பழைய பிடியைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். வண்டியின் அடிச்சட்டமான சேஸின் ஓட்டையிலிருந்து என் முழங்கையில் சாம்பல் மாதிரி ஏதோ கொட்டியது. சாம்பல் இல்லை, மினுங்கியது.

டிரைவர் அண்ணன் ஒரே எட்டில் போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"ஏலே, கீள வைலே அதை! வெள்ளிப்பொடி!"

அலுமினியப் பொடிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் பல வருஷம் அந்த ஜீப் பொடி டின்களைச் சுமந்திருக்கிறது. தளத்தில் துருப்பிடித்த ஓட்டைகள் வழியாகச் சிந்திய பொடி சேஸுக்குள் இறங்கித் தங்கிவிட்டது. வேறு என்ன மருந்து அதோடு கலந்து கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

"தண்ணிய அடிச்சுக் களுவிருவோமா மாமா?" என்றான் மச்சினன்.

"ஒனக்குக் கிறுக்கா மாப்ள? தண்ணி பட்டாத்தான் சூடேறும்."

நான்கு பேரும் வெயிலுக்கு வந்து நின்றுவிட்டோம். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இந்தப் பயத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மச்சினனின் தகப்பனார், அதாவது என் மாமனார், கம்பெனியில் மருந்து வெடித்துத்தான் போனார்.

கடைசியில் அண்ணாச்சி, "நெருப்பு வேண்டாம். எதைச் செஞ்சாலும் நெருப்பில்லாமச் செய்யுங்க. நாளைக்குக் காலைல வண்டி வேணும், ஆர்டர் தலைக்கு மேல நிக்கி" என்றார்.

அதன்படியே செய்தோம். பழைய பிடியில் கை வைக்காமல், சேஸில் ஏற்கெனவே இருந்த ஓட்டைகளில் போல்ட் போட்டுப் புதுப் பிடியை மாட்டினோம். பொறி கிளம்பாத வெண்கலக் கம்பியால்தான் துருவைச் சுரண்டினேன். மணல் வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று முறை தொட்டேன். அன்றைக்கு என்னைப்போல் கவனமாக வேலை செய்தவன் ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டான்.

மிச்சம் இருந்தது அந்தக் கறுப்பு ஆர்ம். வண்டியின் முன்பக்கம் உயர்ந்தால் ஸ்டியரிங் பெட்டியும் சேர்ந்து உயரும். சக்கரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டையும் இணைக்கிற தண்டு சாய்ந்துவிடும். சாய்ந்த தண்டு, சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது தானாகவே சக்கரத்தைத் திருப்பும். அதைச் சரிக்கட்டத்தான் கீழே வளைந்த அந்த ஆர்ம். பழையதோ இருபது வருஷத் துருவில் இறுகிக் கிடந்தது. இழுத்துக் கழற்றுகிற புல்லரைப் போட்டு முறுக்கினோம். புல்லரின் கால் வளைந்ததே தவிர ஆர்ம் அசையவில்லை. வேறு ஊராக இருந்தால் கேஸைக் கொளுத்திச் சூடு காட்டியிருப்பார்கள். ஐந்து நிமிஷ வேலை.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் டிரைவர் அண்ணனைப் பார்த்தார்.

"அது இல்லாம ஓடாதா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ஓடும்" என்றேன். "ஓடும், ஆனா..."

"ஆனாவை அடுத்த ஞாயித்துக்கெளம வச்சுக்கிடுவோம்."

டிரைவர் அண்ணன் கரிசல் பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தார். இறங்கியதும் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்தார்.

"பட்டை மெத்தை மாதிரி இருக்கு. பள்ளத்துல மட்டும் ஸ்டியரிங் கையை விட்டு ஓடப் பாக்குதப்பா."

"மெதுவா ஓட்டுங்கண்ணே."

நான் சொன்னது அவ்வளவுதான். ஸ்டியரிங் பெட்டியையே கழற்றித் தெருமுனைக்குக் கொண்டுபோய் அங்கே சூடு காட்டியிருக்கலாம். அரை நாள் கூடுதலாகியிருக்கும், பொடிக்கும் நெருப்புக்கும் சம்பந்தமே இருந்திருக்காது. அந்த யோசனை எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என் பயம் முழுவதும் அந்தப் பொடியின் பக்கமே திரும்பி நின்றது.

அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீ பின்னாடி உக்காரு" என்றேன்.

"ஏன்? வாந்தி எடுக்கவா?"

"இல்ல, லீவாவது போடேன்."

"நல்லாச் சொன்னீக. சீசன்ல லீவாம்ல. ஒங்களுக்கு என்னதான் செய்யுது? போல்டை முறுக்காம வந்துட்டீகளா?" என்று சிரித்தாள்.

எல்லாம் முறுக்கியிருக்கிறேன் என்றேன். அது உண்மை. விஷயத்தைச் சொன்னால் அவள் மற்ற ஏழு பேருக்கும் சொல்வாள், ஜீப் நிற்கும், அண்ணாச்சி ஆறாயிரத்தைக் கழிக்க மாட்டார். அப்போது இதை எல்லாம் நான் யோசிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். யோசித்தேன்.

காலையில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. புதுப் பட்டையில் ஏறுவதற்கு உயரமாக இருக்கிறது என்று பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தூக்கிவிட்டுக் கும்மாளம் போட்டார்கள். அவள் முன் சீட்டில் ஏறி, டிபன் வாளியை மடியில் வைத்துக்கொண்டாள். நான் டிரைவர் அண்ணனையே பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பட்டறைக்குப் போய்ச் சாவியைப் போட்டுக் கதவைத் திறக்காமல் அப்படியே நின்றேன்.

ஓடைப் பாலத்துக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கி ஏறியது. ஸ்டியரிங் அவர் கையை மீறிச் சுற்றியது. மெதுவாகத்தான் வந்திருக்கிறார். அதனால்தான் பாலத்துக் கட்டையில் இடித்து நின்றது, இல்லையென்றால் ஓடைக்குள். பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. முன்னால் ஊன்றிய வேகத்தில் என் மனைவியின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

அண்ணாச்சி ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டார். பழம் வாங்கிவந்து, "பாதை அப்பிடி" என்றார். டிரைவர் அண்ணன் ஆமாம் என்றார். மச்சினன் தரையைப் பார்த்தான். நான் பழப் பையை வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சி சொன்னபடியே கூலியைக் கழித்துவிட்டார். முடிக்காத வேலைக்குக் கழிக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு, முடிக்கவில்லை என்று முதலில் சொல்ல வேண்டுமே.

கட்டுப் பிரித்தும் மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை. கம்பெனியில் அவள் செய்தது பட்டாசுக்குத் திரி செருகுவது, விரலும் மணிக்கட்டும் சேர்ந்து ஓட வேண்டிய வேலை, எண்ணிக்கைக்குத்தான் கூலி. இரண்டு வாரம் போய்ப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். எண்ணிக்கை ஏறவில்லை. அந்தக் கறுப்பு ஆர்ம் காகிதம் பிரியாமல் என் பட்டறை அலமாரியில் இருக்கிறது.

"நீங்க சொன்னாப்புல பின்னாடி உக்காந்திருக்கணும்" என்று இப்போதும் சொல்கிறாள். "வருசம் பூராப் பயந்தீக. அன்னைக்கு ஒரு நா அது பலிச்சிருச்சு."

அந்த ஆர்மைப் பற்றி அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. முன்பணத்தில் அவள் கழித்தது ஏழாயிரம், என் கூலி ஆறாயிரம் போக, அண்ணாச்சிக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது பதினேழாயிரம் ரூபாய்.