பில்லுக்கு ஒரு ரூபாய்

அந்தக் கம்ப்யூட்டர் அஞ்சலாட்சியின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டியவர் முதலாளி. பாண்டியில் கயிறு, வலை விற்கிற கடைகளிலேயே நம் கடையில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று ஊர் பூராவும் தம்பட்டம் அடித்தவரும் முதலாளி. அது முரண்டு பிடித்தால் மட்டும் திட்டு பில் போடுகிற அஞ்சலாட்சிக்கு. இது எந்த ஊர் நியாயம்?

எண்பத்தைந்தில் வாங்கியபோது மின்னலாகத்தான் இருந்தது. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அந்தக் கடைக்கு வேடிக்கை பார்க்கவே கூட்டம் வரும். இரண்டாம் வருஷம் கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்தது. எண்பத்தெட்டில் ஒரு பில் வர முழுதாக நாலு நிமிஷம். பேரை அடித்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார வேண்டியதுதான். பெட்டிக்குள் கரகரவென்று சத்தம் மட்டும் வரும், பில் வராது. குருசுக்குப்பத்துக்காரர்கள் மீனை விற்ற கையோடு காலையில் வந்து நிற்பவர்கள், திரும்பிப் போய் வலை கட்டுகிற அவசரம் அவர்களுக்கு. வரிசையில் நிற்கிறவர்கள் பெட்டியைத் திட்டுவார்களா? "ஏம்மா, கை ஓடலியா?" என்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின கை அது.

ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்த மெட்ராஸ் கம்பெனிக்கு நாலு கடிதம் போட்ட பிறகு ஓர் ஆள் வந்தார். பெட்டியைத் திறந்தார், ஊதினார், மூடினார். புது மிஷின் வாங்கினால் சரியாகிவிடும், இருபத்தையாயிரம் ஆகும் என்று சொல்லிவிட்டு டிபன் சாப்பிட்டுப் போனார். முதலாளி சக்கரபாணிக்கு அந்தத் தொகையைக் கேட்டதும் முகம் கறுத்துவிட்டது. கோபத்தை யார் மேல் காட்டுவார்? சித்திரை ஒண்ணாம் தேதி புதுக்கணக்கு போடுவதற்குள் பில் பழையபடி வர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார். அவளுடைய சம்பளம் மாதம் ஐநூற்றைம்பது. புருஷன் வேம்புவுக்கு ஆலையில் வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தால் அதிகம். சாரம் பகுதியில் இருந்த வீட்டின் வாடகையும் அரிசியும் அந்த ஐநூற்றைம்பதில்தான் ஓடின.

முதலாளியின் மாப்பிள்ளை இராமதாஸ் வேலை இல்லாமல் மாமனார் வீட்டில்தான் இருந்தார். அவரை ஒரு நாள் பெட்டி முன்னால் உட்கார வைத்துப் பார்த்தார்கள். பத்தாவது பில்லில் எழுந்துவிட்டார். இதன் முன்னால் உட்கார்ந்தால் பைத்தியம்தான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவர் மத்தியானம் வரை திரும்பவில்லை.

மாசி மாதம் குருசுக்குப்பத்துக் காத்தவராயன் ஒரு நாள் சண்டைக்கு வந்தார். தன் பேரில் முப்பத்தொரு ரூபாய் பாக்கி என்று பில்லில் எப்படி வரலாம், தான் எந்தக் காலத்தில் கடன் சொன்னேன் என்று குதித்தார். அஞ்சலாட்சி அவர் கணக்கை எடுத்தாள். ஆறு நிமிஷம் ஆயிற்று. முப்பத்தொரு பில், ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய். முதல் பில் கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டிய அதே நாளுடையது.

அந்த ஒரு ரூபாய் முதலாளியின் அப்பா காலத்து வழக்கம். யார் முழுப் பணம் கொடுத்தாலும் ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, "இது நிக்கட்டும்" என்பார்கள். கணக்கு அடியோடு தீர்ந்தால் ஆள் திரும்பி வரமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. பழைய பேரேட்டில் வருஷா வருஷம் புதுக்கணக்கு அன்று ஓர் ஆளின் ரூபாய்களையெல்லாம் கூட்டி ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த வேலையை யாரும் செய்யவில்லை. அதுதான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

அஞ்சலாட்சிக்கு அப்போதுதான் விளங்கியது. வருஷ முடிவில் அழுத்தச் சொல்லி மெட்ராஸ்காரர்கள் ஒரு கட்டளை கொடுத்திருந்தார்கள். தீர்ந்த பில்களை அது எடுத்துப் போட்டுவிட்டு, எத்தனை எடுத்தது என்று திரையில் காட்டும். அவளும் தவறாமல் அழுத்தினாள். ஒவ்வொரு தடவையும் சைபர் என்றுதான் வந்தது. சைபர் என்றால் தப்பே இல்லை போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, முதலாளியிடம் போய்ச் சொல்லி இனிப்பு வேறு வாங்கிச் சாப்பிட்டாள். எப்பேர்ப்பட்ட மடத்தனம்! ஒரு ரூபாய் நிற்கிற பில் எப்படித் தீரும்? மூன்று வருஷத்துப் பதினோராயிரம் பில்களும் அப்படியே உள்ளே கிடந்தன. புதிதாக ஒரு பில் போட அந்தப் பெட்டி பாவம் அத்தனையையும் முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னாள். ரூபாயை எடுக்கிற பேச்சே கூடாது என்றார். ரூபாய் எங்கேயும் போகாது, அப்பா காலத்து மாதிரி ஆளுக்கு ஒரு வரியாக நிற்கும் என்று மூன்று நாள் மன்றாடிய பிறகு, ஏதோ செய்துகொள் என்று கையை உதறினார்.

அறுநூற்று நாற்பது பேர். ஒவ்வொருவருக்கும் பழைய ரூபாய்களைக் கூட்டி ஒரு வரியாக ஏற்றி, பழைய பில்களுக்கு ரசீது போட்டுத் தீர்க்க வேண்டும். கடையில் பில் போடுகிற வேலைக்கு நடுவில்தான் அத்தனையும். முதல் நாள் ஒன்பது பேரைத்தான் முடிக்க முடிந்தது. தினமும் கடை கட்டும்போது அந்தக் கட்டளையை அழுத்தினாள். நூறு எடுத்தது, இருநூறு எடுத்தது. எடுக்க எடுக்கப் பெட்டிக்கு மூச்சு வந்தது. கடைசி வாரத்தில் நாளுக்கு ஐம்பது பேர் முடிந்தார்கள். கழுத்து பிடித்துக்கொண்டது, கண் எரிந்தது, ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பங்குனி முடிவதற்கு நாலு நாள் இருக்கும்போது காத்தவராயனுக்கு நைலான் கயிறு பில் போட்டாள். அவர் பீடியைப் பற்ற வைப்பதற்குள் பில் கையில் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகச் சோறு தின்றாள்.

சித்திரை ஒண்ணாம் தேதி பூஜை முடிந்ததும் முதலாளி அவளைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை பக்கத்தில் புது வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"இப்பதான் சுளுவா ஆயிடுச்சே அஞ்சல, மாப்பிள்ளையே பாத்துக்கறேன்னு சொல்றாரு. தப்பா நெனச்சுக்காத" என்றார்.

நாலு நிமிஷம் ஆனபோது யாருக்கும் வேண்டாத நாற்காலி அது. முதுகு ஒடிய அதைச் சரிசெய்தது மாப்பிள்ளை வந்து உட்காரவா? முதலாளி அரை மாதச் சம்பளமும் மேற்கொண்டு ஒரு மாதச் சம்பளமும் சேர்த்து எண்ணூற்று இருபத்தைந்து என்று சொல்லி எண்ணிக் கொடுத்தார். அவள் எண்ணிப் பார்த்தாள். எண்ணூற்று இருபத்துநாலுதான் இருந்தது.

"ஒரு ரூபா நிக்கட்டும்மா. நீ நம்ம கடை ஆளு" என்றார்.

"அதையும் குடுத்துடுங்க மொதலாளி. என் கணக்கு தீரட்டும்."

புதுக்கணக்கு நாளில் அப்படி யாரும் கேட்டதில்லை. கல்லாவில் சில்லறை இல்லை என்று சொல்லிப் பார்த்தார். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் பூஜைத் தட்டிலிருந்து மஞ்சள் ஒட்டிய ஒரு ரூபாயை எடுத்து வைத்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். தன் பேரில் சம்பளத் தொகைக்கு ஒரு பில் போட்டு, அந்த ரூபாயையும் சேர்த்து வரவு வைத்துக் கணக்கைத் தீர்த்து, வருஷக் கட்டளையை அழுத்தினாள். திரையில் ஒன்று என்று வந்தது.

மாப்பிள்ளை குனிந்து பார்த்து, அது என்ன என்று கேட்டார்.

"வருஷத்துக்கு ஒரு தடவ இத அழுத்தணும் சார். சைபர்னு வரும். வந்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு அஞ்சலாட்சி செருப்பை மாட்டிக்கொண்டாள்.