இரண்டு டாக்டர், ஒரே ஈறு

பல் டாக்டர் வேலையில் பல்லைப் பிடுங்குவது சுலபம். ஈறை அளப்பதுதான் பெரும்பாடு. ஆவென்று வாயைத் திறந்துகொண்டு கிடந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். குனிந்து நின்ற எங்கள் முதுகைப் பற்றியும் கொஞ்சம் கேளுங்கள்.

கொல்லிமலையில் வாரம் ஒரு நாள் ஈறு சிகிச்சை தொடங்க எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நிபந்தனை போட்டார்கள். குண்டனி நாடு என்கிற மலைப்பகுதியில் இருபது பேரின் ஈறுகளை நானும் டாக்டர் மதனும் தனித்தனியே அளக்க வேண்டும். எங்கள் எண்களுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. வந்தால் சிகிச்சை கிடையாது, ஜனங்கள் பஸ் பிடித்துக் கீழேதான் போக வேண்டும்.

கோடு இல்லாத எண்கள்

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே கோடு போட்ட மெல்லிய கம்பியை விட்டு, பள்ளம் எவ்வளவு என்று பார்ப்போம். பத்து மில்லிமீட்டர் வரை அளக்கும் அந்தக் கம்பியில் நாலுக்கும் ஆறுக்கும் கோடு இருக்காது. கோடுகள் நெருங்கினால் கண் ஏமாறும் என்று விட்டிருக்கிறார்கள். பலா விவசாயி ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பியைப் பார்த்தார். நான் விளக்கியதில் அவருக்குத் திருப்தியில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, எங்க ரோட்டுல எழுவது வளைவுக்கும் நம்பர் போட்டிருக்கறாங்க. உங்க கம்பில பத்துக்குப் போட முடியலீங்களா?"

மிளகுக்கடைத் தராசு

ஒத்திகையில் ஐந்து பேரை அளந்தோம். ஒவ்வொருவரிடமும் மதன் என்னைவிட இரண்டு மில்லிமீட்டர் அதிகம் சொன்னார். அவர் கை கனம். ஈறில் இருபத்தைந்து கிராம் அளவுக்குத்தான் அழுத்த வேண்டும். மனிதர் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்.

கையைப் பழக்கத் தராசு வேண்டும். மிளகுக்கடைக்காரர் தன் சின்ன எலெக்ட்ரானிக் தராசைத் தந்தார். மதன் அதன் தட்டில் கம்பி நுனியை வைத்து அழுத்தினார். அறுபது. மறுபடி, ஐம்பது. கடைக்கு வந்தவர்கள் சுற்றி நின்று உற்சாகப்படுத்த, ஒரு மணி நேரத்தில் இருபத்தைந்துக்கு வந்து நின்றார். கடைக்காரர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"தராசை அமுக்கி எடையக் கூட்டறவங்களப் பாத்திருக்கறேனுங்க. கொறைக்கறதுக்குப் பாடுபடறவர இப்பத்தான் பாக்கறேன்!"

பழனியம்மாள் செய்த ஒத்தாசை

மரவள்ளி போடும் பழனியம்மாளுக்குப் பல் தேய்த்தாலே ஈறில் ரத்தம். பஸ் ஏறினால் மூன்றாவது வளைவிலேயே வாந்தி. அதனால் இந்தச் சிகிச்சை மலைக்கு வர வேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவர் யாருமில்லை.

நிஜமாக அளக்கும் நாளில், நான் அவர் ஈறை அளந்து "அஞ்சு" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அடுத்து வந்த மதன் "நாலு" என்றார். ஒரு மில்லிமீட்டர்தான், பாதகமில்லை. ஆனால் பழனியம்மாள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். காத்திருந்தவர்களும் எண்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிந்தால் அளவே செல்லாது. மேற்பார்வைக்கு வந்த பெரிய டாக்டர் அன்றைய தாள்களை எல்லாம் அடித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மதன் கையைப் பிடித்துக்கொண்டு பழனியம்மாள் சொன்னது இதுதான்:

"அந்தம்மா அஞ்சுன்னாங்க சாமி, நீங்களும் அஞ்சுன்னே சொல்லிப்போடுங்க. உங்களுக்குள்ள எதுக்கு வம்பு?"

மறுபடி இருபது வாய்

விஷயம் புரிந்ததும் பழனியம்மாள் ஆடிப்போனார். மறுவாரம் மிளகு பறிப்பு. இருந்தும் வீடு வீடாகப் போய், பத்தொன்பது பேரையும் அவரே அழைத்து வந்துவிட்டார். இந்த முறை எண்களை வாயால் சொல்லாமல், ஆளுக்கொரு அறையில் அளந்து எழுதினோம். பெரிய டாக்டர் இரண்டு தாள்களையும் வரி வரியாக ஒப்பிட்டார். மதன் நகத்தைக் கடித்தார். கடைசி வரி முடிந்ததும், "தொடங்குங்கள்" என்றார் பெரிய டாக்டர். அவ்வளவுதான், நான் பழனியம்மாளைக் கட்டிக்கொண்டேன். அவரோ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நானும் எங்கூட்டுக்காரரும் முப்பது வருசமா ஒரு பேச்சுல ஒத்துப்போனதில்லீங்க. நீங்க இருவது வாய்லயும் ஒத்துப்போயிட்டீங்களே, கண்ணு!"

டீக்குச் சர்க்கரை போடுவதிலிருந்து எல்லாவற்றுக்கும் சண்டை போடும் நானும் மதனும், மலையேறும் புதன்கிழமைகளில் ஈறு விஷயத்தில் மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிரிவதில்லை.