உட்கார்ந்து எடுத்த அளவு

கம்பளிக் காலுறைகளை இரண்டிரண்டாகச் சுருட்டி பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள் அவள். பூட்ஸை வெறுமனே பெட்டியில் வைத்து இடத்தை அடைப்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்று முறை மூடிய பெட்டி நான்காவது முறையாகத் திறந்து கிடந்தது. ஒவ்வொரு முறையும் அவள் அந்தப் பக்கம் போனதும், அவள் கவனிப்பில் இருக்கும் சர்வேயர் எழுந்து வந்து எதையாவது உள்ளே நுழைத்துவிடுகிறார். இந்த முறை தடித்த ஸ்வெட்டரை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு பைனாகுலர்.

“சார், மைனஸ் பன்னெண்டு டிகிரிக்குப் போறீங்க. இதைப் போத்திக்கிட்டுத் தூங்குவீங்களா?”

“அண்ணன் வீட்டு ஜன்னல்லேர்ந்து மலை தெரியும், இன்ஸ்பெக்டரம்மா.”

“மலைதானே? கொசுவா இருந்தா பைனாகுலர் வேணும். வெறுங்கண்ணால பாருங்க.”

வேலைக்கு வந்த முதல் நாளே, அவர் துப்பிய மாத்திரையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து பொறுக்கி எடுத்து அவர் கண் முன்னால் நீட்டியவள் அவள். அன்று வைத்த பெயர்தான் இன்ஸ்பெக்டர். கணவன் போன பிறகு, முப்பத்தெட்டு வயதில், தன்னைவிடச் சின்னப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து ஆறு மாதம் நோயாளி பராமரிப்பு படித்தாள். புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, கழுவுவது, எழுதி வைப்பது. இருபது வருடத்தில் இது ஒன்பதாவது வீடு. யாரையும் அப்பா, அம்மா என்று அழைத்து ஒட்டிக்கொள்ளும் வழக்கம் அவளிடம் இல்லை. வேளைக்கு மருந்து, வேளைக்குச் சாப்பாடு, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்வது; அவளுக்குத் தெரிந்த பாசம் அவ்வளவுதான்.

சர்வேயருக்கு எழுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் நிலம் அளந்தவர். நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது. இரவில் மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அண்ணனுக்குத் தொண்ணூறு. மலைமேல் இருக்கும் அந்த நகரத்தில் இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். இருவரும் பார்த்துக்கொண்டு ஏழு வருடம் ஆகிறது. குளிர்காலம் முடியட்டும் என்றால், அதுவரை அண்ணன் தாங்குவாரா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்த அவசரம். நாளைப் பகல் விமானம்.

டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஆறு நிமிடம் நடக்க வேண்டும். நின்றவுடன் விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும். எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் பயணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய விடுமுறை நாளில், சர்வேயரின் மகன் அந்தச் சோதனையை முடித்துவிட்டான். தொண்ணூற்றிரண்டு. டாக்டருக்குப் படம் போனது, சம்மதம் வந்தது, டிக்கெட் எடுத்தாயிற்று.

“பூட்ஸையும் கோட்டையும் ஒரு தடவை போட்டுப் பாத்துடலாம் சார். அங்க போய் கடிக்குதுன்னா நான் செருப்புக் கடைக்கு அலைய முடியாது.”

போட்டுவிட்டாள். சமையலறை வாசல் வரை போய்த் திரும்பச் சொன்னாள். போகும்போது மிடுக்காகத்தான் போனார். திரும்பும்போது கை சுவரைத் தேடியது. கட்டிலில் வந்து விழுந்தவருக்குப் பேச்சு வரவில்லை. தோள்பட்டை இரண்டும் காது வரை ஏறி இறங்கின. உதட்டில் நீலம் ஓடியிருந்தது.

அவள் பூட்ஸைப் பார்க்கவில்லை. கிளிப்பை எடுத்து மாட்டினாள். எண்பத்து மூன்று. விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும் என்று விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்த்தாள். எண்பத்து மூன்று. தன் விரலில் மாட்டினாள், தொண்ணூற்றெட்டு. மெஷினைப் போட்டுக் குழாயை மூக்கில் வைத்துவிட்டு, அவர் மூச்சு அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் எப்படி சார் தொண்ணூத்திரண்டு வந்துச்சு?”

அவர் கூரையைப் பார்த்தார்.

“நடந்தீங்களா இல்லையா?”

“நடந்தேன்.”

“நடந்த உடனே அளந்தீங்களா?”

“பத்து நிமிஷம் குழாயை மாட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டு, அப்புறம் அவனைக் கூப்பிட்டேன். நடந்தாச்சுப்பான்னு சொன்னேன். எப்போ நடந்தேன்னு அவன் கேக்கல.”

மூன்று நாளாக மடித்த மடிப்பு, மகன் கைப்பேசியில் அனுப்பிய ஐந்து பட்டியல், முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றிய பைகள், எல்லாம் வீண். இவர் அளந்த நிலத்தில் எத்தனை பேர் பக்கத்து வீட்டுக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்களோ!

சத்தம் கேட்டு மகன் வந்தான். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, டாக்டர்கிட்ட இப்பவே சொல்லணுமா? மெஷினைத்தான் கூடவே எடுத்துட்டுப் போறீங்களே. அங்க போனா உட்கார்ந்தேதான் இருக்கப் போறாரு.”

“உட்கார்ந்தே இருந்தாலும் மூச்சு விடணும் தம்பி. இங்கேயே எண்பத்து மூணு. மேல போனா எவ்வளவு இறங்கும்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கூட வர்றது நான். நடு ராத்திரியில அங்க நான் யாரை எழுப்புவேன்?”

“அண்ணன் அடுத்த குளிருக்கு இருக்க மாட்டான்” என்றார் சர்வேயர், குழாய்க்குள்ளிருந்து.

“நீங்க இந்தக் குளிருக்கு இருக்க வேணாமா?”

“அது என் இஷ்டம்.”

“உங்க இஷ்டம்தான். ஆனா பொய் அளவைக் காட்டி என்னைக் கூட்டிட்டுப் போறது என் இஷ்டமில்லை. டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் அவர் போங்கன்னா, நான் மூட்டையைத் தூக்கிட்டு வர்றேன்.”

அவர் சொல்லவில்லை. அவளே கைப்பேசியை எடுத்து, நடந்ததும் கிளிப் காட்டிய அளவு, நேரம், உதட்டின் நிறம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். டாக்டர் இரண்டே வார்த்தையில் முடித்தார்: போக வேண்டாம். சர்வேயர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. அவள் கெஞ்சவும் இல்லை. மூடி வைத்துவிட்டு, எவ்வளவு மிச்சம் என்று நோட்டில் எழுதினாள்.

மறுநாள் காலை, தனக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு, பெரியப்பாவைப் பார்க்க மகன் மட்டும் கிளம்பினான். அதற்குள் அவள் பெட்டியைத் தரையில் கொட்டி, அப்பாவின் உள்ளாடைகளைப் பிரித்தெடுத்து, மகனுடையதை அடுக்கி முடித்திருந்தாள். பூட்ஸ் அவன் காலுக்குப் போதவில்லை. வழியில் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். டாக்ஸி போன பிறகு, பதினெட்டு நாள் பயணத்துக்கென்று வேளைவாரியாகத் தேதி எழுதி ஒட்டியிருந்த மருந்துப் பொட்டலங்களை மேசையில் பரப்பினாள். முதல் பொட்டலத்தைக் கத்தரித்து, எட்டு மணி மாத்திரையை அவர் கையில் வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் விழுங்கினார். அவள் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் பார்த்தாள்.