இணையத்தில் விதவையானவள்

அந்தப் படத்தை நான் எடுத்தது சுனாமிக்கு அடுத்த வருஷம், கடலூருக்குத் தெற்கே அக்கா வாழ்க்கைப்பட்ட மீனவக் குப்பத்தில். அப்போது பண்ருட்டியில் லாரிக்குப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தேன். வேலை இல்லாத நாட்களில் அக்கா வீட்டில் சோறு. கையில் ஒரு பழைய பிலிம் கேமரா இருந்தது. அக்கா கருவாடு காயப்போட்டுவிட்டு, வியர்வையில் பொட்டு அழிந்த முகத்தோடு படகு நிழலில் உட்கார்ந்திருந்தாள். அசதி, வேறொன்றுமில்லை.

பிறகு சிதம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கே நெகட்டிவை ஸ்கேன் செய்து, பிரவுசிங் சென்டரில் இணையத்தில் எனக்கென்று ஒரு பக்கம் தொடங்கிப் போட்டேன். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான்.

2009இல் அதே சென்டரில் வேறு எதையோ தேடும்போது அக்கா முகம் வந்தது. யாரோ வெளிநாட்டுக்காரர்கள் நன்கொடை கேட்கும் தளம். எட்டாவதோடு நின்ற எனக்கு அந்த இங்கிலீஷ் பிடிபடவில்லை. சென்டர்காரர் படித்துச் சொன்னார்: "புருஷன கடல் கொண்டுபோன விதவைன்னு போட்டிருக்கான்பா."

அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "என்னா மச்சான், உசுரோட இருக்கசொல்லவே எனக்கு கருமாதி பண்ணிட்டானுவளா? எனக்கும் ஒரு எலை போடச் சொல்லு."

அக்கா சிரிக்கவில்லை. "தெனம் கடலுக்குப் போற மனுஷன். ஊரு ஒலகமெல்லாம் என்னைத் தாலியறுத்தவன்னு பேசினா அவருக்கு ஆவுமாடா? அத அழி."

"அவுங்க போட்டத நான் எப்படிக்கா..."

"ஒங்கிட்ட இருக்கறத மொதல்ல அழி. அதுலேருந்துதானே போச்சு."

அன்றைக்கே என் பக்கத்தை மூடினேன். நெகட்டிவைக் கொண்டுவந்து கொடுத்தேன்; அவளே அடுப்பில் போட்டாள். திருஷ்டி சுற்றிய மிளகாயைப் போடுவதுபோல, முழுதும் உருகும்வரை நின்று பார்த்தாள்.

சென்டர்காரர் உதவியோடு அந்தத் தளத்துக்கு மெயில் எழுதினேன். அது என் அக்கா, அவள் புருஷன் உயிரோடு இருக்கிறார், எடுத்துவிடுங்கள் என்று. பல முறை எழுதிய பிறகு பதில் வந்தது. படம் உங்களுடையது என்பதற்கு நெகட்டிவையோ மூலப்படத்தையோ காட்டுங்கள். ஸ்டுடியோவிலும் அதற்குள் கம்ப்யூட்டரை மாற்றியிருந்தார்கள். ஸ்கேன் செய்ததும் போய்விட்டது.

"ரெண்டு பேரையும் சேத்து நிக்கவெச்சு எடுத்து அனுப்பு" என்றார் சென்டர்காரர். கேமராவைப் பார்த்ததும் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா மட்டும் நின்றார். "செத்தவன் எப்புடி நிக்கணும் மச்சான், சிரிச்சிக்கிட்டா?"

அனுப்பினேன். ஒரு தனி ஆள் நிற்கும் படம் எதை நிரூபிக்கும்? பதில் வரவில்லை.

அப்புறம் வேலை தேடி ஓசூர், பெங்களூர் என்று அலைந்தேன். 2012இல் திரும்பி வந்து தேடியபோது அக்கா வேறு தளங்களிலும் இருந்தாள். ஒன்றில் அவளுக்கு நான் கேள்விப்படாத ஒரு நாட்டின் பெயர் போட்டிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

மாமா கரை திரும்ப நேரமானால் எனக்குப் போன் வரும்.

"அந்தப் படம் இன்னும் இருக்காடா?"

"இருக்குக்கா."

வைத்துவிடுவாள்.