ரீஸ்டார்ட்டுக்கு முன் செருப்பைக் கழற்றியவர்

பதினோரு மணிக்கு ஆன்லைன் இண்டர்வியூ. முந்தின நாள் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டதிலிருந்து டச்பேட் வேலை செய்யவில்லை. தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரருக்கு நரைத்த மீசை, சாரலில் நனைந்த சட்டை. டச்பேடை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டார். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கு முன்னும் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். மூன்று தடவையும் அம்புக்குறி அசையவில்லை.

"அண்ணாச்சி, வந்துருமா?"

"கேக்காதிய தம்பி."

நாலாவது தடவை அசைந்தது.

"இண்டர்வியூ முடியுத வரைக்கும் அணைச்சிராதிய. மறுபடி வருமான்னு எனக்குத் தெரியாது."

திறந்த லேப்டாப்பை மடியில் வைத்து, சாரல் படாமல் துண்டால் மறைத்துக்கொண்டு, குற்றாலம் பஸ்ஸில் வீடு வந்தேன்.

வேலை கிடைத்துவிட்டது. அவர் எந்தச் சாமியை நினைத்து நின்றாரோ, இன்றுவரை தெரியவில்லை. ஆனால் ரீஸ்டார்ட் கொடுக்கும்போது என் காலிலும் செருப்பு இருப்பதில்லை.