களத்தின் வாட்டம்

கண்ணுசாமி கொத்தனாருக்குத் தூக்குக்குண்டுதான் சாமி. நூலில் கட்டித் தொங்கும் அந்த இரும்புக் குண்டு நேர் என்று சொன்னால் சுவர் நேர். வீட்டுக்காரர் கோணல் என்று எவ்வளவு கத்தினாலும் அவர் காதில் ஏறாது. சீர்காழிக்கு வடக்கே, கொள்ளிடத்துப் படுகையில் இருக்கும் அவருடைய ஊரில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. நெல் காயவைக்கும் பொதுக் களமும் அவர் போட்டதே. மகா பிடிவாதக்காரர். ஆனால் அந்தப் பிடிவாதம் மட்டும் இல்லாவிட்டால் அம்சம் போன வருஷமே போயிருப்பாள்.

அம்சம் அவர் மனைவி. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரம் இரண்டு தடவை மயிலாடுதுறைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். போன வருஷ வெள்ளத்தில் ஊரைக் கரையோடு சேர்க்கும் தரைப்பாலம் மூழ்கியது. படகும் விடவில்லை. உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சுவிட முடியாமல் அவள் திணறியதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. வெள்ளம் வடிந்ததும், இனிப் பிழைக்க மாட்டாள் என்று சொன்னவர்களைக் கேட்காமல் அவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதி உயிர்தான் மிச்சம்.

அதனால் இந்த ஆடியில், சிமெண்டு ஏற்றும் பழைய ஃபோர்வீல் ஜீப்பைச் சீர்காழி மெக்கானிக் காதர் மைதீனிடம் விட்டு, தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினாலும் கடக்கும்படி உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தூக்கிக்கொண்டார். தூக்கியதும் ஒரு தொல்லை வந்தது. பின் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் ராடு பழைய நீளத்திலேயே இருந்ததால், வண்டி மேலே போனபோது அது ஆக்ஸிலை இடப்பக்கம் இழுத்துவிட்டது. இடது டயர் வெளியே துருத்திக்கொண்டு, பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டில் உரசியது. நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய ராடு ஒன்றை மாட்டிக் கொடுத்த காதர், ஸ்பிரிங் படியும்வரை நாலு நாள் ஓட்டிவிட்டுக் கொண்டு வரச் சொன்னார். கண்ணுசாமி கேட்கவில்லை. அளப்பது என் தொழில், சமதளத்தில் நிறுத்தி நானே சரி பண்ணிக்கொள்கிறேன் என்றுவிட்டார்.

ஊரில் சமதளம் என்று அவருக்குத் தோன்றியது களம்தான். நடுக்களத்தில் ஜீப்பை நிறுத்தி, இரண்டு பக்கத்து மட்கார்டிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். இரண்டும் ஒன்றாகும்வரை ராடைத் திருகினார். அம்சம் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டிப் பார்த்தால் இப்போது வலது டயர் உரசியது. மறுபடி அளந்தார், நூல் சரி என்றது. காதரைப் போனில் கூப்பிட்டு, மட்டமான ராடைத் தலையில் கட்டிவிட்டதாகத் திட்டினார். உரச உரச டயரில் ரப்பர் பிய்ந்து வந்தது. இப்படியே வெள்ளத்தில் இறங்கினால் நடுப்பாலத்தில் டயர் வெடிக்கும் என்பது அவருக்கே தெரிந்தது.

இதற்கிடையே, மேட்டூரிலிருந்து உபரி நீர் வருகிறது என்று ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை அம்சத்துக்கு டயாலிசிஸ். அன்று மத்தியானம் மழை அடித்தது. ஜீப்புக்கடியில் மல்லாந்து கிடந்த கண்ணுசாமியின் முதுகுக்கடியில் தண்ணீர் ஓடியது. மேற்கிலிருந்து கிழக்கே, வாய்க்காலைப் பார்த்து, எங்கும் தேங்காமல் ஓடியது. நெல் நனைந்து முளைத்துவிடக் கூடாது என்று அந்தச் சரிவை, கொத்தனார் பேச்சில் வாட்டத்தை, வைத்தவரே அவர்தான். சரிவுக்குக் குறுக்கே நிறுத்திய வண்டி பக்கவாட்டில் சரிந்துதான் நிற்கும்; நூல் மட்டும் நேராகத் தொங்கும். அப்புறம் அளவு எப்படிச் சரியாக வரும்?

தன்னையே திட்டிக்கொண்டு வெளியே வந்தவருக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. களம் போட்ட நாளிலிருந்து அதில் நெல் காயவைத்து, மழைத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளியவள் அம்சம். வேப்பமரத்தடியில் மழைக்கு ஒதுங்கியிருந்த அவளிடம் போனார்.

"களத்துல வாட்டம் இருக்குறது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அம்சம் ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த இடது கையை முந்தானையால் மூடிக்கொண்டாள். "வண்டி சரியாவலன்னா நீங்களும் ஒண்ணும் பண்ண முடியாதுல்ல. வெள்ளத்து மேல பழியப் போட்டுட்டுப் போய்ச் சேந்துடலாம்னு இருந்தேன். முடியலங்க."

கண்ணுசாமிக்கு முதலில் கோபம் வந்தது, உடனே பயம் வந்தது. இத்தனை மாதம் தவறாமல் கூட்டிக்கொண்டு போனவர், வலிக்கிறதா என்று ஒரு நாளும் அவளைக் கேட்டதில்லை. அந்த நினைப்பு அவரை அறுத்தது.

மழை விட்டதும் ஜீப்பை வாய்க்காலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். இப்போது சரிவு முன்னும் பின்னுமாக இருந்ததால் பக்கவாட்டு அளவு தப்பவில்லை. பொழுது சாய்வதற்குள் ஆக்ஸில் நடுவுக்கு வந்தது. எந்த டயரும் உரசவில்லை. வீட்டுக்கு வந்து அம்சத்தின் எதிரில் உட்கார்ந்தார்.

"வண்டிய சரி பண்ணிட்டேன். வான்னு இனிமே வற்புறுத்த மாட்டேன். நீதான் சொல்லணும்."

அவள் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறியிருந்தது. கண்ணுசாமி ஜீப்பில் ஏறி, எஞ்சினை ஓடவிட்டு, வாசலைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பிடிவாதக்காரர் பிடிவாதத்தை விட்டால் பார்க்கவே பாவமாகத்தான் இருக்கிறது. வெகுநேரம் கழித்து அம்சம் வந்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஜீப் படியில் காலை வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு எட்டலங்க. வந்து ஏத்தி விடுங்க."

அவர் இறங்கிச் சுற்றி வந்து இரண்டு கைகளாலும் அவளைத் தூக்கினார். ஒரு சிமெண்டு மூட்டை கனம்கூட இல்லை. அழுதுகொண்டே அவளைச் சீட்டில் உட்கார வைத்தார்.